உஷார்! கடலோரத்தில் வீடு வாங்கப் போகிறீர்களா? முதலில் ஒரு மழைக்காலம் குடியிருந்து பாருங்கள்

வல்லக்கோட்டை, வல்லம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அவசரமாகச் சொல்ல வேண்டிய செய்தி இது. கடலோரத்தில் மனை, வில்லா, ஃப்ளாட் என்று எதற்காவது டோக்கன் அட்வான்ஸ் கொடுக்க நாள் குறித்திருந்தால், அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். முதலில் அதே ஊரில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடியுங்கள். ஐப்பசியில் குடிபோய்த் தை பிறக்கும் வரை குடும்பத்தோடு இருங்கள். முடிந்தால் சித்திரை, வைகாசி வெயிலையும் அங்கேயே பாருங்கள். அதன் பிறகும் ஊர் பிடித்திருந்து, பத்திரமும் சரியாக இருந்தால் வாங்குங்கள். இந்த வரிசையை மாற்றிப் போட்டால், இருபது முப்பது வருட உழைப்பு ஒரே கையெழுத்தில் போய்விடும்.

ஏன் இவ்வளவு பதற்றம்? நம் பகுதியில் இப்போது கையில் மொத்தமாகப் பணம் வரும் வயதில் ஒரு தலைமுறையே நிற்கிறது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தபோது இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2014-ல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடியபோதும், 2022-ல் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் கடைசி கார் இறங்கியபோதும் செட்டில்மென்ட் பணத்தோடு வெளியே வந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். பி.எஃப்., கிராஜுவிட்டி, வி.ஆர்.எஸ். தொகை எதுவானாலும் அது ஒருமுறைதான் வரும். அந்தப் பணம் எங்கே இருக்கிறது என்று மனை விற்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வல்லக்கோட்டையிலிருந்து ஒரகடம், சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் மாமல்லபுரம் ஒன்றரை மணி நேரம். ஷிஃப்ட்டு, ஓவர்டைம், லாரி நெரிசல், தூசி என்று காலம் தள்ளியவருக்குக் கடல் காற்றில் கடைசிக் காலத்தைக் கழிக்கலாம் என்ற ஆசை வருவதில் தப்பே இல்லை. அந்த ஆசையைத்தான் குறி வைக்கிறார்கள். இலவச வேனில் ஏற்றிக்கொண்டு போய், மதியம் மீன் சாப்பாடு போட்டு, தென்னந்தோப்பு நிழலில் நிற்க வைத்துப் பேச ஆரம்பிப்பார்கள். "சார், பீச் ரெண்டு நிமிஷ நடை. இன்னும் நாலு ப்ளாட்தான் பாக்கி. பஞ்சாயத்து அப்ரூவ்டு. இன்னைக்கே டோக்கன் போட்டா சதுர அடிக்கு நூறு ரூபாய் குறைச்சுத் தரச் சொல்றேன்." இந்த நாலு வாக்கியமும் காதில் விழுந்தால் உடனே வேனில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்த ஊர், நீங்கள் வாழப்போகும் ஊர் அல்ல

மனை காட்டுவது பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள், அதுவும் காலை வேளையில். அப்போது கடல் அமைதியாக இருக்கும், காற்று இதமாக இருக்கும், தரை காய்ந்திருக்கும். கிழக்குக் கடற்கரைக்கு இன்னொரு முகம் இருக்கிறது. அது அக்டோபரில் தொடங்கி டிசம்பர் முடிய இருக்கும்.

கடந்த பதினைந்து வருடக் கணக்கை மட்டும் பாருங்கள். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. 2016 டிசம்பர் 12-ல் 'வர்தா' சென்னையைப் புரட்டிப் போட்டது. 2020 நவம்பர் 25 இரவு 'நிவர்' மரக்காணம் பக்கம் ஏறியது. 2022 டிசம்பர் 9 இரவு 'மாண்டஸ்' மாமல்லபுரம் அருகிலேயே கரையைத் தொட்டது. 2024 நவம்பர் 30-ல் 'ஃபெஞ்சல்' புதுச்சேரி அருகே கடந்தபோது, அந்த நகரத்தில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. மாமல்லபுரத்துக்கும் கடலூருக்கும் நடுவே உள்ள கடலோரம்தான் இப்போது விளம்பரங்களில் 'ஓய்வுக்கால சொர்க்கம்' என்று வருகிறது. தானே, நிவர், மாண்டஸ், ஃபெஞ்சல் நான்கும் ஏறியது அந்தக் கோட்டில்தான்.

புயல் வந்தால் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மின்கம்பம் சாய்ந்தால் கரன்ட் வரப் பல நாள் ஆகும். மோட்டார் ஓடாது, தொட்டியில் தண்ணீர் இருக்காது, செல்போன் டவர் படுத்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியே பக்கிங்காம் கால்வாய் வருகிறது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கால்வாயும் உப்பங்கழியும். நடுவில் இருக்கும் மணல் திட்டில்தான் பல மனைப்பிரிவுகள் போட்டிருக்கிறார்கள். கனமழை நாளில் கடல் பொங்கி நின்றால் முகத்துவாரம் வழியாகத் தண்ணீர் வெளியேறாது. மேற்கிலிருந்து வரும் ஏரித் தண்ணீரும் சேர்ந்து அந்தத் திட்டில்தான் தேங்கும். இதை மார்ச் மாதக் காலையில் யாரும் உங்களுக்குக் காட்ட மாட்டார்கள். நவம்பரில் அங்கே வாடகைக்கு இருந்தால், உங்கள் மனைக்குப் போகும் மண் ரோட்டில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று நீங்களே பார்க்கலாம்.

பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்கும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "தானே அடிச்சப்போ தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுக்கா? சுனாமியில எதுவரைக்கும்?" அவர் கையை நீட்டி ஒரு மரத்தையோ மேட்டையோ காட்டுவார். அந்த இடத்துக்குக் கிழக்கே உங்கள் மனை இருந்தால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள். 2004 டிசம்பர் 26-ஐ அங்கே யாரும் மறக்கவில்லை.

கரை ஒரே இடத்தில் நிற்பதில்லை

மத்திய அரசின் தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990-லிருந்து 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டது. அளந்து பார்த்த 991 கி.மீ. தமிழகக் கடற்கரையில் 423 கி.மீ., அதாவது 42.7 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது.

காரணம் ரகசியமல்ல. நம் கடற்கரையில் மணல் ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல்லைப் போட்டுத் துறைமுகம் கட்டினால், தெற்கே மணல் சேரும், வடக்கே கரை தேயும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் இதனால்தான். புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கல் தடுப்பு கட்டிய பிறகு நகரத்தின் மணற்கரையே காணாமல் போனது. அரிப்பு அப்படியே வடக்கே ஏறி, தமிழக எல்லையிலுள்ள சின்ன முதலியார்சாவடி, தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் குப்பங்களின் வீடுகளைத் தொட்டது.

ஆகவே "பீச் ரெண்டு நிமிஷ நடை" என்று சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். பத்து வருடம் முன்பு எத்தனை நிமிட நடையாக இருந்தது என்று கேளுங்கள். மனைக்குத் தெற்கே புதிதாகத் தூண்டில் வளைவோ (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) மீன்பிடி இறங்குதளமோ வருகிறதா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைத் திருப்பிப் பார்க்கும் வசதி இருக்கிறது. வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் கரைக்கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று காட்டிவிடும்.

உப்பு: உங்களுக்கே நன்றாகத் தெரிந்த எதிரி

இந்த விஷயத்தில் நம் தொழிற்சாலைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வாகன உதிரிபாகம் செய்கிற ஆலைகளில் உப்புத் தெளிப்புச் சோதனைப் பெட்டி இருக்கும். 35 டிகிரி வெப்பத்தில் ஐந்து சதவீத உப்புக் கரைசலை மூடுபனி மாதிரி தெளித்து, துரு எத்தனை மணி நேரத்தில் வருகிறது என்று பார்ப்பார்கள். கடலோர வீடு அந்தப் பெட்டிக்குள் வருடம் முழுக்க நிற்கும் உதிரிபாகம். வெளியே எடுத்துத் துடைத்து வைக்க வழியில்லை.

உப்புக் காற்று முதலில் கிரில், கதவுக் கீல், ஏ.சி. வெளிப்பெட்டி, ஸ்விட்ச் போர்டு, இருசக்கர வாகனம் என்று கண்ணுக்குத் தெரிவதைத் தின்னும். அதைவிட ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாதது. உப்பில் உள்ள குளோரைடு மெல்ல மெல்லக் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொடும். துருப்பிடித்த இரும்பு, முன்பிருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். உள்ளேயிருந்து அது தள்ளத் தள்ளத் தளத்தின் அடிப்பக்கம் வெடித்துப் பெயர்ந்து விழும்.

இதற்காகவே ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி தனிக் கணக்கு வைத்திருக்கிறது. சாதாரண ஊரில் எம்-20 கான்கிரீட்டும் கம்பிக்கு மேல் 20 மி.மீ. கவரும் போதும். கடலோரக் காற்று படும் இடத்தில் குறைந்தது எம்-30 கான்கிரீட்டும் 45 மி.மீ. கவரும் வேண்டும். கடல்நீர்த் துளி நேரடியாகத் தெறிக்கும் இடத்தில் எம்-35, 50 மி.மீ. கலவைக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கட்டி முடித்த வில்லாவை விற்பவரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள். எழுத்தில் காட்ட முடியாதவரிடம் வாங்காதீர்கள்.

பழைய வீடு என்றால் நீங்களே பார்க்கலாம். சன்ஷேடின் அடியில் நின்று நிமிர்ந்து பாருங்கள். கம்பி ஓடும் கோட்டிலேயே நீளமாக விரிசலும், அதன் ஓரத்தில் காவிக் கறையும் இருந்தால் உள்ளே துரு ஆரம்பித்துவிட்டது. தளத்தின் அடியில் ஒரு கட்டையால் தட்டிப் பாருங்கள். திடமான சத்தம் வர வேண்டும். பொள்ளலாகக் கேட்டால் பூச்சும் கான்கிரீட்டும் பிரிந்து நிற்கிறது என்று அர்த்தம். புதிதாகப் பெயின்ட் அடித்த வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை ஒரு மழைக்காலம் வெளியே கொண்டுவந்துவிடும். வாடகைக்கு இருக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

"போர் போட்டா பதினஞ்சு அடியில நல்ல தண்ணி சார்!"

உண்மையாகவே இருக்கலாம். மழைக்காலம் முடிந்த கையோடு பார்த்தால் மணலில் நல்ல தண்ணீர் ஊறித்தான் இருக்கும். கடலோர மணலில் நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் இருந்தால், அதற்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் நிற்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. திருப்பிப் போட்டுப் பாருங்கள்: நீங்களும் பக்கத்து ரிசார்ட்டும் லாரிக்காரரும் சேர்ந்து உறிஞ்சி மேலே ஒரு அடி இறக்கினால், கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறும். ஏறிய உப்பு எளிதில் இறங்காது.

அதனால்தான் மே மாதமும் அங்கே இருந்து பார்க்கச் சொல்கிறேன். தண்ணீரை மே மாதம் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இந்தியக் குடிநீர்த் தரப்படி கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம், குளோரைடு 250 மில்லிகிராம் இருக்கலாம். வேறு வழியே இல்லாவிட்டால்தான் முறையே 2,000, 1,000 வரை. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இரண்டு இருக்கின்றன. 2013-ல் வந்தது நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 2024-ல் வந்தது 15 கோடி லிட்டர். அதைக் காட்டி 'தண்ணீர்ப் பிரச்சினையே வராது' என்று விற்பவர்கள் சொல்லலாம். அந்தத் தண்ணீர் சென்னை நகரத்துக்குப் போவது. உங்கள் தெருவுக்குக் குழாய் வரும் என்று ஊராட்சியோ பேரூராட்சியோ எழுதிக் கொடுத்தால் மட்டும் நம்புங்கள்.

பெரிய கண்ணி: கட்டவே முடியாத மனை

இதுதான் எல்லாவற்றையும் விட ஆபத்து. கடலோரத்தில் உங்கள் பெயரில் பத்திரம் பதிவாகும், பட்டாகூட வரும். வீடு மட்டும் கட்ட முடியாது.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-ல் வந்தது. பிறகு 2011-லும் 2019-லும் புதிதாக வெளியிட்டார்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை இந்தச் சட்டம் வரும். 2011 அறிவிக்கைப்படி, ஊரகக் கடற்கரையில் முதல் 200 மீட்டர் வளர்ச்சியற்ற பகுதி. அங்கே புது வீட்டுக்கு இடமில்லை. 200-லிருந்து 500 மீட்டர் வரையிலும்கூட, மீனவர் குடியிருப்பு போன்ற பாரம்பரிய உரிமைக்கு உட்பட்ட வீடுகளுக்குத்தான் வழி விட்டிருக்கிறது. அதுவும் 9 மீட்டர் உயரம், தரைத்தளமும் ஒரு மாடியும் மட்டும். "2019-ல் 50 மீட்டராகக் குறைச்சுட்டாங்க சார்" என்று சொல்வார்கள். அது மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளுக்கு மட்டும். அந்த அறிவிக்கைப்படி தயாரித்த கடலோர மேலாண்மை வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்திருந்தால்தான் அது செல்லும்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. கடல் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், மனைக்குப் பின்னால் அலை ஏறி இறங்கும் உப்பங்கழியோ கால்வாயோ இருந்தால் அதன் கரையோரமும் இந்தச் சட்டத்துக்குள் வரும்.

மாமல்லபுரத்தில் மேலும் ஒரு சட்டம். 1984-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் உள்ள ஊர் அது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குப் புதுக் கட்டுமானமே கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு, தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் அனுமதி வேண்டும். சாளுவன்குப்பத்திலும் நினைவுச் சின்னங்கள் உண்டு. தெற்கே கல்பாக்கம் பக்கம் போனால், அணுமின் நிலையத்தைச் சுற்றி 5 கி.மீ. வரை குடியேற்றம் பெருகாமல் பார்த்துக்கொள்ளும் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. சதுரங்கப்பட்டினம், வாயலூர் பக்கம் மனை பார்ப்பவர்கள் இதை விசாரிக்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

'கட்டிய வீட்டை யார் இடிக்கப் போகிறார்கள்' என்று நினைப்பவர்கள் கொச்சி மரடு கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள், முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஃப்ளாட்கள். உள்ளாட்சி அனுமதி கொடுத்திருந்தது, கடலோர மேலாண்மை ஆணையத்தின் அனுமதி மட்டும் இல்லை. 2019 மே 8-ல் இடிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். வாங்கியவர்கள் ஏமாந்தவர்கள்தான், கடன் வாங்கிக் கட்டியவர்கள்தான். ஆனாலும் கட்டடம் நிற்கவில்லை. ஃப்ளாட்டுக்கு 25 லட்சம் இடைக்கால நிவாரணம் என்று உத்தரவானது. வாழ்ந்த வீட்டுக்கு அது ஈடாகுமா?

டோக்கனுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

• 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்ற பேச்சே செல்லாது. மனைப்பிரிவுக்கு டி.டி.சி.பி. (நகர ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் எண் வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனையை, 2016 அக்டோபர் 20-க்கு முன்பே வீட்டு மனையாகப் பதிவாகியிருந்தால் ஒழியப் பதிவு செய்ய முடியாது.

• 500 சதுர மீட்டருக்கு மேலான இடம் அல்லது எட்டு வீட்டுக்கு மேற்பட்ட திட்டம் என்றால் ரெரா (மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எண் கட்டாயம். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அந்த எண்ணை நீங்களே போட்டுப் பாருங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்குவது ரெரா சட்டப்படி தவறு.

• முப்பது வருட வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், பட்டா, அ-பதிவேடு, புலப்படம். கடற்கரைப் புறம்போக்கு, நீர்நிலைப் புறம்போக்கு, அனாதீனம், கோயில் நிலம் என்று எங்காவது இருந்தால் விலகிவிடுங்கள்.

• 'பவர்' எழுதித் தருகிறேன் என்றால் வேண்டாம். பவர் பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

• சர்வே எண்ணைக் கொடுத்து, அந்த இடம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் எந்த வகையில் வருகிறது என்று மாவட்டக் கடலோர மேலாண்மை ஆணையத்திடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு எதற்கும் உதவாது.

• வங்கிக் கடனுக்கு விண்ணப்பியுங்கள், கையில் முழுப் பணம் இருந்தாலும். வங்கியின் வழக்கறிஞர் ஒருமுறை பத்திரத்தைப் புரட்டிப் பார்ப்பார். 'லோன் வேண்டாம், ரொக்கமாகக் கொடுத்தால் தள்ளுபடி' என்பவரிடம் வாங்காதீர்கள்.

வாடகைக்கு இருக்கும் மாதங்களில் என்ன பார்ப்பது?

ஹோம்ஸ்டேயிலோ ரிசார்ட்டிலோ தங்கினால் எதுவும் தெரியாது. ஊர்க்காரர்கள் இருக்கும் தெருவில் சாதாரண வீடாகப் பிடியுங்கள். 2019 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. சுற்றுலா ஊர் என்பதால் டிசம்பர், ஜனவரியில் வாடகையை ஏற்றுவார்களா, காலி செய்யச் சொல்வார்களா என்பதை முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

மழை கொட்டும் ஒரு சனிக்கிழமை மாலை, நெஞ்சுவலி வந்தால் எப்படிப் போவோமோ அதே அவசரத்தோடு செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு வண்டியில் போய்ப் பாருங்கள். மாமல்லபுரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. வார இறுதி நெரிசலில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ.யில் ஐந்து வருடமாவது இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு வருடம் 120 ரூபாய் கட்டினால் கணவன், மனைவி இருவருக்கும் வைத்தியம் தொடரும். அந்த மருந்தகம் நீங்கள் குடியேறும் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

வீட்டு அம்மாவுக்குப் பேச ஆள் இருக்கிறதா, பேரப் பிள்ளைகள் வந்து போக பஸ் இருக்கிறதா, இரவு பத்து மணிக்கு மேல் பக்கத்து ரிசார்ட்டில் எவ்வளவு சத்தம் என்பதையெல்லாம் குடியிருந்தால்தான் அறியலாம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஊரே எப்படி மாறுகிறது என்றும் பாருங்கள். மீன் விலை ஏறும் என்பது சின்ன விஷயம். விசைப்படகை நம்பியிருக்கும் ஊர் என்றால் அதன் வருமானமே அப்போது படுத்துவிடும்.

முக்கியமாக ஒன்று. கடற்கரை என்பது மீனவர்கள் வலை காய வைக்கும் இடம், படகு ஏற்றும் இடம். அவர்கள் நடந்து போகும் வழியை மறித்துச் சுவர் எழுப்பிய மனைப்பிரிவில் வாங்கினால், முதல் நாளிலேயே ஊரோடு வழக்கு. ஊர்ப் பெரியவர்களைப் பார்த்து, இந்த இடத்தில் ஏதாவது தகராறு இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். பத்திர எழுத்தர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

தங்கியிருக்கும்போது வெளியேறச் சொல்லி மாவட்ட நிர்வாகம் அறிவித்தால் உடனே கிளம்புங்கள். பக்கத்தில் பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையம் எங்கே என்று குடிபோன முதல் நாளே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, மாநிலத்துக்கு 1070.

ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா?

பதறி மீதிப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். ரசீது, விளம்பரத் துண்டுச்சீட்டு, வாட்ஸ்அப்பில் வந்த வாக்குறுதி, பேங்க் பரிமாற்றப் பதிவு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மேலே சொன்ன காகிதங்களைக் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். ரெராவுக்கு உட்பட்ட திட்டத்தில் பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கொடுத்திருந்தால், வட்டியோடு திரும்பக் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கூச்சப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள். நாள் தள்ளத் தள்ளப் பணம் திரும்புவது கஷ்டம்.

கடல் ஆசையை விடச் சொல்லவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் இருந்து பார்த்த பிறகு பலர் திருக்கழுக்குன்றத்திலோ செங்கல்பட்டிலோ வீடு வைத்துக்கொண்டு, நினைத்த நாளில் கடலுக்குப் போய்வருவதே நல்லது என்று முடிவெடுக்கலாம். அது தோல்வி அல்ல, நல்ல முடிவு. சிலர் கடலோரத்தையே தேர்ந்தெடுக்கலாம். அவர்களும் தெரிந்து தேர்ந்தெடுத்தவர்களாக இருப்பார்கள். சில மாத வாடகை போனால் திரும்பச் சம்பாதிக்கலாம். ஐம்பத்தெட்டு வயதில் பி.எஃப். பணம் போனால் திரும்பச் சம்பாதிக்க முடியாது. உங்கள் லைனில், உங்கள் கம்பெனி பஸ்ஸில், யாராவது வருகிற ஞாயிற்றுக்கிழமை மனை பார்க்க வேனில் ஏறப்போகிறார் என்றால், அவர் ஏறுவதற்கு முன் இதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.